ஏகாம்பரத்தின் மடி

புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, கீழ்நெல்லிப்பட்டு ஏரியைத் தூர் வாரிக்கொண்டிருந்த ஏகாம்பரம், டீ வந்திருச்சு இறங்கி வா என்று கரையிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு இதோ வரேன் என்று கை காட்டிவிட்டு, இறங்குவதற்குப் பதிலாகத் தன் ஜேசிபி வண்டிக்குள்ளேயே போய்விட்டான். உடம்பு மட்டும் சீட்டில் சாய்ந்து கிடக்க, வண்டி தன்பாட்டுக்கு அள்ளின மண்ணை ஓரமாகக் கொட்டி, திரும்பி, ஆடி அசைந்து கரையேறி, டீக்கடைக்காரரின் தூக்குவாளிக்கு முன்னால் வந்து பக்கெட்டை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு நின்றது. டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எப்போதும் போலச் சர்க்கரை கம்மியாக ஒரு டம்ளர் ஊற்றிப் பக்கெட்டுக்குள் வைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா உடம்பைத் தொட்டுப் பார்த்து, இதில் ஆள் இல்லை என்று சொன்னார். ஆள் எங்கே இருக்கிறான் என்பது ஊருக்கே தெரிந்திருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டுவது ஏகாம்பரத்தின் வண்டிதான் என்பதால், அவன் உடம்புக்கும் அவனேதான் குழி வெட்டினான், உயரமான ஆள் என்பதால் தலைமாட்டில் ஒரு அடி கூடுதலாக விட்டு, ஓரமெல்லாம் வழித்து, பிசிறு இல்லாமல். மூடி முடித்ததும் பக்கெட்டின் முதுகால் மண்ணை இரண்டு தட்டு தட்டினான். பதினாறு நாள் தீட்டா, மூன்று நாளா என்று பேச்சு வந்தபோது பூசாரி யோசித்து, உடம்புக்கு மூன்று நாள், ஆளுக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார். நாலாம் நாள் ஏகாம்பரம் வாய்க்கால் வெட்டப் போய்விட்டான்.

அவன் தங்கச்சி நிரோஷா அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்ததால், பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அண்ணன் ஒருத்தன்தான், அவனுக்கும் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார்களே தவிர அமையவில்லை. அவள் அழுதாள்தான். ஆனால் கையில் மூன்று மாசக் குழந்தை, அது பாலுக்கு அழும்போது தான் அழுவதை நிறுத்த வேண்டியிருந்தது, நிறுத்தி நிறுத்தி அழுததில் அழுகை நாலு நாளில் தேய்ந்துபோய், ஐந்தாம் நாள் இடுப்பில் பாப்பாவோடு களத்துமேட்டுக்குப் போய் வண்டியின் முன்னால் நின்று, "பசிக்குதா அண்ணா?" என்று கேட்டாள்.

வண்டி பின்பக்கக் கையை நீட்டி, பக்கெட்டின் ஓரப் பல்லால் மண்ணில் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் கயிற்றுக் கட்டில் அளவுக்கு இருந்ததால் அவள் நடந்து நடந்து படிக்க வேண்டியிருந்தது. டீசல் என்று எழுதியிருந்தான். ஒன்பதாம் வகுப்பு நோட்டில் இருந்த அதே கோணல் கையெழுத்து. நிரோஷா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது. வேலை இருந்த நாளில் ஏகாம்பரம் தன் டீசலைத் தானே சம்பாதித்துக்கொண்டான், மழை நாளில் வீட்டுக்கு ஒரு லிட்டர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ரேஷன் கடையில் அவன் பேரை நீக்குவதா வைப்பதா என்று எழுதிக் கேட்டதற்கு மேலே இருந்து பதில் வராததால் அவன் பங்குச் சர்க்கரை மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது, அது பாப்பாவுக்குப் போனது. ஆயுத பூஜையன்று, வருஷாவருஷம் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறவனே வண்டியாக நின்றுகொண்டிருந்தபடியால், நிரோஷா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஹெட்லைட்டுகளுக்கு நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்து, பின்டயரை ஒரு அடி அடித்து, "காதுக்குப் பின்னாடி எல்லாம் சேறு, எப்பதான் ஒழுங்கா குளிப்ப நீ," என்றாள். ஏகாம்பரம் வெட்கப்பட்டுப் பின்பக்கக் கையை மடக்கிக்கொண்டான்.

கார்த்திகையில் பெரிய பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளை வேனில் ஆறு பேர் வந்தார்கள். மனுஷ மனசை உடம்பிலிருந்து எடுத்து மெஷினுக்குள் ஏற்றுகிற வேலையைத்தான் பதினைந்து வருஷமாகச் செய்துகொண்டிருப்பதாகவும், இதுவரை ஒரு எலிகூட ஏறவில்லை என்றும் சொன்னார்கள். ஏகாம்பரத்தின் மேல் முழுக்க ஒயர் ஒட்டினார்கள், கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிப் போனீங்க என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவன் நிதானமாக எழுதினான்: தெரியல, டீ குடிக்க இறங்கலாம்னு பார்த்தேன். அவர்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, பாயசம் இன்னொரு தடவை வாங்கிக் குடித்து, கிளம்பும்போது, இன்னும் இருபது முப்பது வருஷத்தில் எல்லாருமே இப்படிப் போகலாம் என்று நம்பிக்கை சொல்லிவிட்டு, ஒரே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்கள். சாவியை மட்டும் யாரும் திருப்பிவிடாதீர்கள். எஞ்சின் நின்றால் அவர் திரும்பி வருவாரா என்பது எங்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே நிரோஷா ஒரு மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கு முடிந்து, ஓடுகிற வண்டியின் சாவியைச் சுற்றி இறுகக் கட்டிவிட்டு வந்தாள். அதை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. எஞ்சின் இரவும் பகலும் டுக்கு டுக்கு என்று ஓடியது. களத்துமேட்டைச் சுற்றியிருந்த வீடுகளில் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கே தூங்கிப் பழகின, மாடுகள் அந்தச் சத்தத்துக்கே பால் விட்டன.

எல்லாருமே போகலாம் என்று வேன்காரர்கள் சொன்னதுதான் நூறு நாள் வேலையில் ஒரு மாசத்துக்குப் பேச்சாக இருந்தது. போவதானால் எதற்குள் போவது என்று பெண்கள் மண் சட்டியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்கள். மிக்சிக்குள் மட்டும் போகக் கூடாது, மருமகள் கையில் மாட்டினால் மூடியைப் பிடித்து அமுக்கியே கொன்றுவிடுவாள் என்றார்கள். வாஷிங் மெஷின் என்றால் ஊர் அழுக்கெல்லாம் தெரியும், பொழுது போகும் என்றாள் ஒருத்தி. நிரோஷாவின் நாத்தனார் பவானி, தான் ஃப்ரிட்ஜுக்குள்தான் போவேன், வெயில் காலத்தில் ஊரே வேர்த்து வழியும்போது ஜில்லென்று உட்கார்ந்து யார் எதை எடுத்துத் தின்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாள். அதற்கு நீ இப்பவே ஃப்ரிட்ஜுதான் என்று யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள். நிரோஷாவின் புருஷன் தனசேகர் பால் சொசைட்டியில் பால் ஊற்றி அளக்கிறவன், பாலில் தண்ணீர் என்று அவன் சொன்னால் தினமும் சண்டை, அதனால் அவன் பால் சோதிக்கிற மெஷினுக்குள் போவதாக இருந்தான், அப்போதாவது தான் சொல்வதை ஊர் நம்பும் என்று.

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்ததில், சித்திரை மாதம் செங்கத்திலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிரோஷாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஏழு மாசமாக நிற்காமல் ஓடுகிறது, ஆயில் கறுத்துத் தாராகி இருக்கிறது, மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தாமல் விட்டால் ஒரு நாள் தானாகவே பிடித்துக்கொண்டு நின்றுவிடும், அப்படி நின்றது என்றால் தன்னால் மட்டுமல்ல, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நிறுத்தினாலும் பயம், நிறுத்தாவிட்டாலும் பயம். நிரோஷா யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. அவன் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் பாப்பாவுக்குப் பதினோராம் மாசம் வந்துவிட்டது. தர்ஷிகா என்று பேர் வைத்திருந்தாலும் ஊருக்கு அவள் பாப்பாதான். மொட்டையைத் திருப்பதியில் போட்டாகிவிட்டது, காது குத்துதான் பாக்கி. ஒற்றைப்படை மாசத்தில் குத்த வேண்டும், பதினொன்றை விட்டால் மூன்றாம் வருஷம்தான். குத்துவது என்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நிரோஷாவுக்கு ஒரே ஒரு அண்ணன். அவனோ ஏழரை டன்.

வைகாசி வளர்பிறை ஞாயிறு, ஏரிக்கரை முனீஸ்வரன் கோயில் என்று நாள் குறித்துவிட்டு வந்த தனசேகரிடம் பவானிதான் முதலில் கேட்டாள், மடிக்கு என்ன பண்ணப்போறீங்க என்று. நிரோஷாவின் பெரியப்பா மகன் சம்பத்து திருவண்ணாமலையில் செல்போன் கடையில் நல்ல வேலையில் இருக்கிறான், அவனும் மாமன் முறைதான், பேசாமல் அவன் மடியில் உட்காரவைத்தால் போட்டோவும் நன்றாக வரும் என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. முறையிலும் குறை இல்லை. ஆனால் நிரோஷா கொஞ்ச நாளாக ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள், ஏகாம்பரம் வந்தாரா என்று கேட்டவர்கள் இப்போது வண்டி வந்ததா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல, பழக்கத்தில். மாமன் மடி இன்னொருத்தருடையது ஆகிவிட்டால் அன்றோடு அவன் வெறும் வண்டிதான். அதற்கப்புறம் ஒருநாள் எஞ்சின் நின்றால் ஊருக்கு அது ரிப்பேர், சாவு அல்ல.

"எங்க அண்ணன் மடிதான், அண்ணி," என்றாள்.

"நான் வேணாங்கல. மடி எங்க இருக்குதுன்னு காட்டு, உட்கார வெச்சுடுவோம்."

இது நியாயமான கேள்வியாக இருந்ததால் ஊரே கலந்துகொண்டது. டிரைவர் சீட்டுதான் மடி என்றார்கள் சிலர், அது வயிறு என்றார்கள் சிலர். முன்பக்கப் பக்கெட் என்றார்கள், அது கை, டீ டம்ளரை அதில்தானே வாங்கினான் என்றார்கள். பவானி எல்லாரையும் ஓரம் கட்டினாள். நிற்கிற ஆளுக்கு மடி ஏது, மனுஷன் உட்கார்ந்தால்தான் மடி வரும், எழுந்தால் போய்விடும், இவனோ பிறந்ததிலிருந்து நிற்கிற ஜாதி என்றாள்.

அப்போது களத்துமேட்டில் நின்றுகொண்டிருந்த ஏகாம்பரம், பின்பக்கம் இருக்கிற இரண்டு ஜாக்கிக் கால்களையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாகத் தரையில் ஊன்றினான். பின்டயர்கள் மண்ணை விட்டு எழும்பின. முன்பக்கப் பக்கெட்டைக் கீழே இறக்கி, வாய் மேலே பார்க்கிற மாதிரிச் சாய்த்து, தன்னோடு அணைத்துக்கொண்டான். பந்திக்குச் சம்மணம் போட்ட ஆள் மாதிரியே இருந்தது. குழி வெட்டும்போதெல்லாம் அவன் அப்படித்தான் கால் ஊன்றுவான், ஊரும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறது, ஆனால் அது உட்காருவது என்று யாருக்கும் தோன்றியதில்லை.

"சரி, மடிதான்," என்றாள் பவானி. அவளிடம் ஒரு நல்ல குணம், தோற்றால் உடனே ஒப்புக்கொள்வாள்.

காது குத்தன்று தாய்மாமன் சீர் இருபத்தோரு தட்டும் மாமன் பக்கெட்டிலேயே வந்தது. பழம், பூ, வளையல், பட்டுப்பாவாடை எல்லாம் நிரோஷாவே வாங்கி அண்ணன் பேரில் வைத்ததுதான், ஆனால் மேளக்காரர்கள் முன்னால் போக, ஹெட்லைட்டில் மாலையோடு அவன் தெருத்தெருவாக ஊர்ந்து வந்தபோது யாருக்கும் அது நினைவில் இல்லை. கோயில் வாசலில் வந்து கால் ஊன்றி உட்கார்ந்ததும் அவன் பின்கையை நீட்டி, சீட்டுக்கு அடியில் பார் என்று எழுதினான். ஸ்பேனர்களுக்கு நடுவே எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு ஜோடி குட்டிக் கம்மல் இருந்தது, சிவப்புக் கல் வைத்தது. பாப்பா பிறந்த வாரமே வாங்கி வைத்திருக்கிறான். நிரோஷா அதை முந்தானையில் துடைத்தாள், கண்ணையும் அதே முந்தானையில் துடைத்ததில் கன்னமெல்லாம் கிரீஸ் ஆனது.

பட்டுத்துணி விரித்து, பாப்பாவைப் பக்கெட்டில் உட்காரவைத்தார்கள். பாப்பாவுக்கு மாமன் மடி பிடித்துப்போனது. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு மொத்தமும் டுடுடுடு என்று ஆடியதால், ஆவென்று கத்தினால் ஆஅஆஅஆ என்று வந்தது, அதை வைத்து அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். காது குத்துகிற ஆதிமூலம் பத்தர் ஊசியை எடுத்தார். பாப்பாவின் காதுமடல் ஆடுவதைப் பார்த்தார். ஊசியைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார்.

"இது ஆகாது தாயி. காது அப்படி இப்படிக் கிழிஞ்சா பொம்பளப் புள்ளைக்கு ஆயுசுக்கும் குறை. வண்டிய நிறுத்தினா குத்துறேன். இல்லைன்னா வேற மடி பாருங்க."

சம்பத்து சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவதா வேண்டாமா என்று நின்றான். பவானிகூட நிரோஷாவின் தோளில் கை வைத்தாள். நிரோஷா பாப்பாவைத் தூக்கக் கை நீட்டினாள், மடி போனால் போகிறது, அண்ணன் இருக்கட்டும் என்று.

பின்பக்கம் மண் கிழிகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சுற்றிப் போய்ப் படித்தார்கள். நிறுத்து என்று எழுதியிருந்தான்.

"மாட்டேன் அண்ணா," என்றாள் நிரோஷா.

அவன் அதை அழித்துவிட்டு, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, இடம் போதாமல் கோயில் கிணற்றடி வரைக்கும் நீளமாக எழுதினான். அவள் அதன் கூடவே நடந்து படித்தாள். எட்டு மாசமா தூங்கல நிரோஷா. கண்ணு எரியுது.

அவள் கிணற்றடியிலேயே நின்றாள். டீசல் ஊற்றினோம், குளிப்பாட்டினோம், பொட்டு வைத்தோம், ஒரு நாள்கூட அவன் தூங்கினானா என்று கேட்கவில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, அதுவும் பதினோரு மாசமாக இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து பால் கொடுக்கிற அவளுக்கு, தூக்கம் என்றால் என்னவென்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த அவளுக்கு. திரும்பி வந்து படியேறினாள். சாவியில் கட்டியிருந்த மஞ்சள் துணி எண்ணெய்ப் பிசுக்கேறிப் பச்சையாகியிருந்தது. முடிச்சை அவிழ்க்க நகம் போதவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். "தூங்கு அண்ணா," என்று, பாப்பாவுக்குச் சொல்வது போலவே சொல்லி, சாவியைத் திருப்பி, உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கீழ்நெல்லிப்பட்டு எட்டு மாசத்துக்குப் பிறகு சத்தமில்லாமல் இருந்தது. அரச இலைகள் சலசலப்பது கேட்டது. ஊருக்குள் மாடுகள் கத்தின. மாமன் மடியில் பாப்பா ஆவென்றாள், குரல் நேராக வந்ததைக் கேட்டு ஆச்சரியப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். பத்தர் ஒரு கணமும் வீணாக்கவில்லை. வலது காது. பாப்பா வீலென்று அழுதாள். கூட்டத்தில் ஒருத்தரும் பாப்பாவைப் பார்க்கவில்லை, எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். வண்டி கம்மென்று இருந்தது.

நிரோஷாவுக்கு அவள் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அவளுக்கு இதே கோயிலில் காது குத்தியபோது அவள் அழுததைவிட, பக்கத்தில் நின்ற ஏழு வயசு ஏகாம்பரம்தான் தரையில் விழுந்து புரண்டு அழுதானாம், இதே பத்தர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறியப் போனானாம், அவனைத் தேற்றத்தான் மிட்டாய் வாங்கினார்களாம்.

இடது காது.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், பெரிய அழுகை உடனே வராது. முதலில் வாய் திறக்கும், முகம் சிவக்கும், மூச்சு உள்ளே போய்ப் போய்க்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் வராது, அந்த நேரத்தில் பெற்றவளுக்கு உயிர் உடம்பில் இருக்காது. பாப்பா அப்படி வாயைத் திறந்துகொண்டிருந்தாள். பத்தர் ஊசியோடு நின்றார், மேளக்காரர்கள் குச்சியோடு நின்றார்கள், நிரோஷா சாவியை உள்ளங்கையில் பதியும்படி அழுத்திக்கொண்டு குழந்தையின் மூச்சுக்கும் அண்ணனின் மூச்சுக்கும் சேர்த்துக் காத்துக்கொண்டு நின்றாள்.

பாப்பாவின் அழுகையும் எஞ்சின் சத்தமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்பதில் இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. சாவி நிரோஷாவின் கையில் இருந்தது, அதில் மட்டும் ஒரே கட்சி. ஹாரன், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒன்றாக அலற, வண்டி பதறி எழுந்து, பக்கெட்டை அப்படியும் இப்படியும் மெல்ல ஆட்டி ஆட்டித் தாலாட்டியது. பத்தர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றார், அவர் இவனை ஏழு வயசில் பார்த்தவர்.

பாப்பா தேம்பி அடங்கினதும் பின்கை நீண்டு மண்ணில் எழுதியது. நிரோஷா ஓடிப் போய்ப் படித்தாள். நல்ல தூக்கம் என்று இருந்தது. அதற்குக் கீழே, பாப்பாவுக்கு மிட்டாய் வாங்கிக் குடு.

மறுநாளே மெக்கானிக் வந்து ஆயில் மாற்றினார். வேன்காரர்கள் சேதி கேள்விப்பட்டுப் போன் போட்டு, நிறுத்தின பிறகு ஆளைத் திரும்பக் கொண்டுவர என்ன முறை கையாண்டீர்கள் என்று நிரோஷாவிடம் கேட்டார்கள். கையில் ஒரு தங்கச்சி பிள்ளை வேண்டும் என்று அவள் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். ஃப்ரிட்ஜுக்குள் போவதாக இருந்த பவானி, அன்றிலிருந்து நாத்தனார் என்கிற அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு அடிக்கடி தின்பண்டம் கொண்டுவந்து கொடுக்கிறாள், என்றைக்காவது தன்னையும் எழுப்ப ஆள் வேண்டும் இல்லையா.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்ததும் நிரோஷா போய்ச் சாவியைத் திருப்பிவிட்டு வருகிறாள். விடிந்ததும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கெட்டில் உட்காரவைக்கிறாள். அழவைக்க வேண்டியதில்லை, சிவப்புக் கல் கம்மல் ஆட ஆட, மாமா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். சில நாள் மூன்று நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கெல்லாம் நிரோஷா பயப்படுவதில்லை. ஏகாம்பரம் சின்ன வயசிலிருந்தே எழுந்திருக்கச் சோம்பேறி.